கண்டு கொடுக்கும் பரிசு

மன்னார்த் தீவின் வடகரையிலே, பனங்கூடலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சிற்றூர். அவ்வூர் வாசிகசாலையிலே சென்ற ஆண்டு ஒருநாள் மாலை பதினொருவர் கூடினோம். ஆராய்வதற்கு இருந்த பொருள் ஒன்றே. அவ்வூர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கடற்றொழில் விஞ்ஞானம் கற்று விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றிருந்தாள். கைலாசபதி கலையரங்கிலே பட்டமளிப்பு விழா நிறைவெய்தி அவள் ஊர் திரும்பியிருந்தாள். அந்தக் குடும்பத்திலே அதற்குமுன் பட்டம் பெற்றவர் எவருமிலர். ஊரார் கூடிப் பாராட்ட வேண்டும். பாராட்டும்போது ஒரு பரிசும் அளிக்க வேண்டும். யாது பரிசு? இதுவே எங்கள் முன் நின்ற வினா.

பொன்னாடை என்றார் ஒருவர். மோதிரம் என்றார் மற்றொருவர். கைக்கடிகாரம் என்றது ஒரு குரல். வாழ்த்துப்பா ஒன்றை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்துள் அமைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். வாழ்த்துப்பா பாடுவது பண்டிதனுடைய தொழில் அன்றோ! "பணமாகக் கொடுத்துவிடுவோம், வேண்டியதைப் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும்" என்று முடிக்கப் பார்த்தார் தலைவர்.

இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆயினும் என் மனம் எதனோடும் ஒட்டவில்லை. "ஒரு கிழமை தவணை தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது என்னுடைய பழைய பிழை ஒன்று.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் பொறியியற் பட்டம் பெற்றான். நான் அவனுக்கு அபிதான சிந்தாமணியைப் பரிசாகக் கொடுத்தேன். ஆ. சிங்காரவேலு முதலியார் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தொகுக்க, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளிவந்த பெருநூல் அது. அதன் பிற்பதிப்பொன்றை வாங்குவதற்கே என் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு போயிற்று. கொடுத்தபோது எனக்கு ஒரு பெருமிதம். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அன்போடு தேநீர் தந்தான். கண்ணாடி அலுமாரியிலே, பீங்கான் கோப்பைகளின் பக்கத்திலே, என் நூல் நிமிர்ந்து நின்றது. எடுத்து விரித்தேன். நான் ஆசி எழுதி வைத்த துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அவன்மேற் குற்றம் யாதுமில்லை. அவன் எதை விரும்புகிறான், எதற்கு ஏங்குகிறான் என்று நான் கேட்டதேயில்லை. எனக்கு எது உயர்ந்ததோ அதை அவன் கையிலே திணித்தேன். அவனைக் கண்டு கொடுக்கவில்லை. என்னையே கண்டு கொடுத்தேன்.

இதற்கு எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் பண்டிதத் தேர்விலே தேறியபோது எனக்கும் மாலைகள் விழுந்தன. அவை வாடிப்போயின. எழுத்தறியாத என் தாயார் ஆடொன்றை விற்று, என்னை மன்னார்ப் பட்டினத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தார். இரவிலே விளக்கின் அருகே புத்தகத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துப் படித்ததை அவர் பார்த்திருக்கிறார். நான் படித்தது இன்னதென்று அவருக்குத் தெரியாது. என் கண் நோவது தெரியும்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்றிலே பரிசில் பற்றிய பாட்டுக்கள் மலிந்திருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். பொருளை அள்ளிக் கொடுத்தல் பெரிய செயலன்று, பெறுபவரின் தரத்தை அளந்தறிவதே பெரிய செயல் என்னும் கருத்தை மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் எடுத்துரைக்கிறார். எல்லாரையும் ஒருபடியாக நோக்கும் கொடையை அவர் மெச்சவில்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் பரிசில் நாடிச் சென்றார். அதியமான் அவரை நேரிற் பாராமல் பொருளை மட்டும் அனுப்பினான். வறுமையால் வாடிய அப்புலவர் அதனைத் தொடவில்லை. தம்மைப் பார்த்து, தம் அளவறிந்து தருவது மிகச் சிறிதாயினும் அதுவே தமக்கு இனிது என்பது அவர் கருத்து. அதே அதியமான்தான் மலைப்பிளவிலே அருமையாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன். அதன் பயனைக்கூட வாய்திறந்து சொல்லாமல் ஈந்தான். கொடுத்த கை ஒன்றே. ஒருத்தியைக் கண்டு கொடுத்தது அழியாப் புகழாயிற்று. ஒருவரைக் காணாமல் கொடுத்தது திருப்பப்பட்டது. அதியமானுக்கே இந்த வழுக்கல் நேர்ந்ததென்றால் வாசிகசாலைச் சபைக்கு நேராதா?

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கற்க வேண்டியவற்றைக் கற்றுவிட்டோம் என்று எண்ணத்தக்க நிலை. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திலே, அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணப் போனார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, உலா என்று அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கு முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர் ஒருநாள் சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துப் பாடஞ்சொல்லக் கேட்டார்.

அந்தக் கொடையின் பயனை நாடறியும். 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பல்கலைக்கழகத்திலே பயிலாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே 1932இல் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அதியமானையும் பெருஞ்சித்திரனாரையும் நான் மேலே எடுத்துக் காட்ட முடிந்ததே, முதலியார் தந்த அந்த ஒரு பிரதியிலிருந்து தொடங்கிய உழைப்பினாலன்றோ?

முதலியார் கொடுத்தது விலையுயர்ந்த பொருளன்று. எதிரே இருந்தவரின் ஆற்றலை அவர் கண்டார். அவர் இன்னும் அறியாத இடத்தையும் கண்டார். இரண்டும் சந்திக்கும்படியான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படித்து முடிந்தது என்று சொல்லும் பரிசு வேறு. இனிச் செய்ய வேண்டியது இது என்று காட்டும் பரிசு வேறு.

இவ்வாறெல்லாம் நினைத்துக்கொண்டு மறுநாட்காலை கடற்கரைக்குப் போனேன். பட்டம் பெற்ற பிள்ளையின் தந்தையார் வள்ளத்து நிழலில் இருந்து கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று பேச்சைத் தொடங்கினேன்.

"ஐயா, முந்தி வள்ளம் கரைக்கு வந்தா ஓடி வந்து, இது என்ன மீன், அது என்ன மீன் எண்டு கேப்பாள். கம்பசுக்குப் போன பிறகும் கேட்டவள்தான். நான் சொல்லுற பேர் அவளின்ரை புத்தகத்தில இல்லை. அவள் சொல்லுற பேர் என்ரை வாயில வராது. இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறது குறைவு" என்று சொல்லிச் சிரித்தார். அது சிரிப்பாக எனக்குப் படவில்லை.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கப் பாலம் உண்டு. அந்த வீட்டினுள்ளே பாலம் இல்லை. அப்பாலத்துக்கு முதற் கல்லை வைப்பது பண்டிதனாலும் ஆகக்கூடிய காரியம் என்று அப்பொழுது தோன்றிற்று.

கடையிலே தடித்த அட்டையிட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். ஐந்து மாலைப்பொழுதுகள் தந்தையாரோடும் முதியோர் மூவரோடும் மணலில் உட்கார்ந்து எழுதினேன். காற்றுக்களின் பெயர், நீரோட்டங்களின் பெயர், வலைகளின் உறுப்புக்கள், மீனினங்கள் என்று 214 சொற்கள் சேர்ந்தன. வாடை வீசும் மாதங்களிலே பாக்கு நீரிணைப் பக்கமாகிய வடகடல் கொந்தளிக்கும். அப்போது தொழில் தென்கடலில். சோழகம் எழுந்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் குமுறும். தொழில் வடகடலுக்கு மாறும். கொண்டல் என்பது கீழ்காற்று என்று உரை சொல்லி முப்பதாண்டு கற்பித்தவன் நான். அந்தக் காற்றிலே அடுப்பு எரிவதும் அணைவதும் தங்கியிருக்கிறது என்பதை அந்த மணலில் இருந்துதான் கற்றேன். நான் பாடம் கேட்ட ஐந்து மாலைகள் அவை.

விஞ்ஞானம் கற்றவளுக்கு இது எதற்கு என்று ஐயுறுவார் உளராயின், அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வேன். மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹேட்மன் வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அவருடைய அறிக்கை வெளிவந்தது. கடலடியிலே சிப்பி படியும் கற்பாங்கான தளத்தை நம்மவர் பார் என்பர். அந்த ஆங்கில அறிக்கையிலும் அது பார்தான். பெரிய பார், சேவல் பார் என்று கடலோடிகள் வழங்கிய பெயர்களே அதன் பக்கங்களிலும் படங்களிலும் நின்றன. அயல்நாட்டுப் பேராசிரியருக்கே அப்பெயர்கள் வேண்டியிருந்தன. நம் ஊர்ப் பட்டதாரிக்கு வேண்டாதனவாகுமா? ஹேட்மனுக்குக் கிட்டாத வாய்ப்பும் இவளுக்கு உண்டு. சொல்லித்தரும் கடலோடி இவள் வீட்டிலேயே இருக்கிறார்.

கொப்பியின் இடப்பக்கத்தில் மட்டும் எழுதினேன். வலப்பக்கம் முழுவதையும் வெறுமையாக விட்டேன். முதற்றாளிலே, "இடப்பக்கம் உன் தந்தையார், வலப்பக்கம் நீ" என்று மாத்திரம் வரைந்தேன். வாழ்த்துப்பா எழுதவில்லை.

வாசிகசாலையில் இதைக் காட்டியபோது சிலர் முகம் வாடிற்று. "ஊர் சேர்ந்து கொடுக்கிறது ஒரு கொப்பியோ, ஐயா?" என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். அவர் மனம் நோகக்கூடாது. பொன்னாடையும் வாங்குவோம், ஆனால் அதைத் தந்தையாருக்குப் போர்த்துவோம் என்றேன். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எஞ்சிய பணம், வேலை தேடி அலையும் செலவுக்கென்று ஓர் உறையிலிட்டுப் பிள்ளையிடமே கொடுக்கப்பட்டது. அதனையும் நான் தாழ்வாக எண்ணவில்லை. பட்டம் பெற்றும் தொழிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நாட்டிலே பலர். அத்தகையவருக்குப் பேருந்துக் கட்டணத்தை அறிந்து கொடுப்பதும் கண்டு கொடுத்தலேயாகும்.

பாராட்டு விழா முடிந்தது. வந்தவர்கள் கலையத் தொடங்கினர். பிள்ளை ஒரு மூலையில் நின்று கொப்பியைப் புரட்டினாள். அறக்குளா, பாரை, சூடை என்று விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஓரா என்ற இடத்தில் நின்றது.

"அப்பா, இதை ஒரு மீனாய் எழுதியிருக்கு. இதில ரெண்டு இனம் இருக்கு" என்றாள்.

பொன்னாடையோடு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டோ? ஆர் சொன்னது? மூண்டு இருக்கு. வா, காட்டுறன்" என்றார்.

பிழை என்னுடையது. மணலிலிருந்து எழுதும்போது ஓராவோடு நிறுத்திவிட்டேன். ஆயினும், என் வாழ்நாளிலே நான் விட்ட பிழைகளுள் இதைப் போல மகிழ்ச்சி தந்தது வேறொன்றில்லை.

ஆசிரியர்களே, பெற்றோரே, அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஊரிலும் பிள்ளைகள் பட்டம் பெறுவார்கள். கடைக்குப் போகுமுன் அப்பிள்ளையின் பக்கத்திலே ஒரு நாழிகை இருங்கள். அவன் கையில் எது தேய்ந்திருக்கிறது, அவள் பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகிறது, அவர்கள் எந்த ஊருக்கு எந்தப் பணிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். வைத்தியராகித் தொலைவான ஊருக்குப் போகிறவனுக்கு ஒரு நல்ல கைவிளக்குப் பொருந்தலாம். ஆசிரியையாகிறவளுக்கு, அவளுடைய முதல் ஆசிரியர் வைத்திருந்த பழைய பாடக்குறிப்பு ஒன்று பொருந்தலாம். பொருந்துவது இன்னதென்று பொதுவிலே சொல்ல எவராலும் இயலாது. கண்டால் தெரியும்.

அந்தக் கொப்பியின் வலப்பக்கங்களிலே இப்போது இலத்தீன் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பல இடங்களில் இடப்பக்கத்து எழுத்தும் திருத்தப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் தாள் போதாமல் இன்னொரு கொப்பி வேண்டியிருந்ததாம். அதைப் பட்டினத்துக்குப் போய் வாங்கி வந்தவர் தந்தையார்.