கோட்டைக் காத்தல்

பெருமுக்கல் மலைமேல் ஒரு கோட்டை உண்டு. 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கூட் என்பார் அதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். யான் எழுதப் புகுந்தது அக்கோட்டையைப் பற்றியன்று. எந்தையார் தம் திருமணத்திற்குத் தைப்பித்த கம்பளிக் கோட்டைப் பற்றியதாம். என் தமையனார் மணநாள் நெருங்கியபோது பெட்டியைத் திறந்தோம். கழுத்துப்பட்டையின் கீழ் இரண்டு துளைகள் இருந்தன.

பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் முட்டையினின்று வெளிப்படும் புழுவே தின்னும். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடமே அதற்கு மிக விருப்பம். ஆதலின் அணிந்த கோட்டை அவ்வாறே பூட்டி வைத்தல் புழுவிற்குச் சோறிட்டு வைத்தலேயாம். எம் வீட்டார் செய்ததும் அதுவே. வேப்பிலை காக்கும் என்று நம்பியிருந்தனர்!

அணிந்தபின் பைகளை வெறுமையாக்கி, அகன்ற மரத் தாங்கியில் மாட்டி, ஓரிரவு காற்றாட விடுக. ஆணியில் தொங்கவிடின் தோள் சரியும். பின்னர் மென்மையான தூரிகையால் மடிப்புகளினுள்ளும் துடைத்தல் வேண்டும். இக்காலத்துக் கோட்டுகள் பலவற்றில் மார்புப்புறத்து உள்துணி பசையால் ஒட்டப்பட்டுள்ளது. நீரில் ஊறவைத்துத் துவைப்பின் அது கொப்புளம்போல் எழும்பும்.

அந்துருண்டையின் ஆவி காற்றினும் கனமானது. ஆகவே அதனைத் தாளிற் பொதிந்து துணிகளின் மேலே வைக்க. மூடி இறுகாத பெட்டியில் அதனாற் பயனில்லை. அந்நெடி குழந்தைகளுக்குத் தீங்கு தருமாதலின், எடுத்த ஆடையை நன்கு காற்றாட விட்டே அணிக.

திண்டிவனத்துத் தையற்காரர் ஒருவர் எம் கோட்டின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, அந்நூலாலேயே துளைகளை இழையோட்டி அடைத்தார். மணப்பந்தலில் எந்தையார் அதனை அணிந்து நின்றபோது, அவ்விடத்தை அறிந்தோர் யாங்கள் இருவர் மட்டுமே.