முன்தோலுக்குள் கல்: வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்



சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். நடுத்தர வயதில் இஸ்லாத்தை ஏற்றவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. முன் ஸஃப்பில் நின்று தொழுதவர், பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். மற்றவர்கள் எழுந்து போன பிறகுதான் வாய் திறந்தார். "சிறுநீர் சொட்டிக்கிட்டே இருக்கு பாய். உடுப்பு சுத்தமா இருக்க மாட்டேங்குது. எப்படித் தொழ வர்றது?" முன்தோலுக்குள் பட்டாணி போல ஏதோ தட்டுப்படுவதாகவும் சொன்னார். பரிசோதித்த மருத்துவர், அது கல் என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகக் கல்லை எல்லோரும் அறிவோம். இது மிக அரிது. பெரும்பாலும் சுன்னத் செய்யாத ஆண்களுக்கு, அதிலும் முன்தோலின் வாய் சுருங்கிப் பின்னால் தள்ள முடியாதவர்களுக்கு வருவது. அந்தச் சுருக்கத்தை மருத்துவர்கள் ஃபைமோசிஸ் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அங்கே அடிக்கடி புண்ணும் பூஞ்சைத் தொற்றும் வரும். புண் ஆறி ஆறித் தோல் தழும்பாகி, வாய் குறுகிவிடும்.

கல் மூன்று வழிகளில் உண்டாகிறது. தோலுக்கடியில் சேரும் வெள்ளை அழுக்கு கழுவப்படாமல் இறுகி, அதில் சுண்ணாம்புச் சத்து படிவது ஒன்று. உள்ளேயே தேங்கும் சிறுநீரின் உப்புகள் படிவது இன்னொன்று. கிருமித் தொற்றும் சேர்ந்தால் இது விரைவாகும். சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ இருந்து இறங்கிய கல், வெளியேற வழியின்றி அங்கே தங்கி வளர்வது மூன்றாவது.

சிறுநீர் நூல் போல மெலிந்து வருதல், கழிக்கும்போது முன்தோல் பலூன் போல உப்புதல், பிறகும் சொட்டுதல், துர்நாற்றத்துடன் சீழ், வலி, இரத்தம், கையில் தட்டுப்படும் கட்டி ஆகியவை அடையாளங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள்பட்ட அடைப்பு சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீண்டகாலத் தோல் சுருக்கமும் அழற்சியும் ஆணுறுப்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும்.

சிகிச்சை பெரிதல்ல. தொற்றுக்கு மருந்து கொடுத்து, தோலைக் கீறிக் கல்லை எடுத்து, கத்னா செய்வார்கள். சந்தேகமிருந்தால் சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கான யூராலஜி பிரிவு உண்டு. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் அவசியம்.

நம் வீடுகளுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். புதிதாக மார்க்கத்துக்கு வந்த சகோதரர்கள், சிறுவயதில் சுன்னத் தள்ளிப்போனவர்கள், நம் கடையிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் மாற்றுச் சமுதாய அன்பர்கள் என யாருக்கும் இந்தத் தகவல் உதவும்.

தாய்மார்களுக்கும் சில வார்த்தைகள். ஆண் குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளரத் தானே விலகும். வலிந்து பின்னால் இழுக்காதீர்கள், கிழிந்தால் தழும்பாகும். தோலுக்கடியில் தெரியும் மென்மையான வெண்முத்துகள் கல் அல்ல. அவை தானே வெளியேறும். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருந்தால், மருத்துவரிடம் காட்டாமல் சுன்னத் செய்யாதீர்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய அதே தோல் தேவைப்படலாம். குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் மார்க்கத்தைக் கேட்டு அறிய அன்சாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதை மத்ரஸாவில் ஓதினோம். நோயைச் சொல்லவும் வெட்கம் தடையாகக் கூடாது. சிறுநீர் சொட்டு உள்ளவர்களுக்குத் தொழுகையில் சலுகை உண்டு. ஆலிம்களிடம் கேளுங்கள், பள்ளியை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெரியவர் அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் முன் ஸஃப்பில் நிற்கிறார். "முதல்லேயே சொல்லியிருக்கலாம் பாய்" என்றார். உங்களில் யாருக்கும் இப்படி ஒரு சிரமம் இருந்தால் தனியாக வந்து என்னிடம் சொல்லுங்கள். மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் செய்தி போகாது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.

செயலாளர்