மண்ணுக்கு வில்லங்கச் சான்று கிடைக்குமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் நானும் அப்பாவும் வடசென்னையில ஒரு ஃபிளாட் பார்க்கப் போனோம். விலை பரவாயில்லை, மெட்ரோ பக்கம், எல்லா டாக்குமெண்ட்டும் கிளியர். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. வெளியே வந்து எதிர்ல டீ குடிக்கும்போது, கடைக்கார அண்ணன்கிட்ட சும்மா பேச்சுக்கு, "இங்க முன்னாடி என்ன அண்ணே இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "கம்பெனி தம்பி. ரொம்ப வருஷம் பூட்டியே கெடந்துச்சு. ஓடுன காலத்துல மழை பேஞ்சா வாசல்ல தண்ணி கலர் கலரா போவும்"னார்.

அந்த ஒரு வரிதான் இன்னைக்கு எபிசோட். அப்பா கையில வில்லங்கச் சான்று இருந்தது. அதுல அடமானம், பாகப்பிரிவினை, கிரயம் எல்லாம் இருக்கும். அந்த மண்ணில் என்ன கொட்டினார்கள் என்பது மட்டும் இருக்காது.

ஐடியில இருக்கிறவங்களுக்கு "பிரவுன்ஃபீல்டு பிராஜெக்ட்" என்ற வார்த்தை தெரிஞ்சிருக்கும். ஏற்கெனவே யாரோ எழுதி வச்ச பழைய கோடு மேல வேலை செய்வது. அந்த வார்த்தை நிலத்திலிருந்துதான் நம்ம துறைக்கு வந்தது. பழைய தொழிற்சாலை நின்ற, மாசு இருக்கிற அல்லது இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற நிலம்தான் பிரவுன்ஃபீல்டு. "இருக்கலாம்" என்பதை மட்டும் கவனிச்சுக்கங்க. பாதி சிக்கல் அந்த சந்தேகத்துலதான் இருக்கு.

ஒரு டாலர் நிலம்

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் லவ் கேனால் என்று ஒரு இடம். ஒரு ரசாயனக் கம்பெனி அங்கே இருந்த பழைய கால்வாயில் சுமார் 20,000 டன் கழிவைப் புதைத்து, மண் போட்டு மூடி, 1953-ல் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

அதன் விளைவாக 1980-ல் "சூப்பர்ஃபண்ட்" சட்டம் வந்தது. மாசு செய்தவர் மட்டுமல்ல, அந்த நிலத்தை இப்போது வைத்திருப்பவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு. நியாயமான சட்டம். ஆனா ஒரு பக்கவிளைவு. பழைய தொழிற்சாலை நிலத்தை வாங்கவே ஆள் வரவில்லை. நகரத்துக்கு வெளியே வயல்காட்டில் புதுசா கட்டினால் வம்பு இல்லையே! விளைவு, நகர நடுவில் இருந்த ஆலைப் பேட்டைகள் அப்படியே பூட்டிக் கிடந்தன. வேலை போன குடும்பங்கள் அந்தப் பூட்டின கேட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தன.

2002-ல்தான் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வாங்குவதற்கு முன்பே முறைப்படி விசாரித்து, நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பவருக்குப் பழைய ஆள் செய்த மாசுக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்பு. அந்த "முறைப்படி விசாரிப்பது" எப்படி என்பதுதான் சுவாரஸ்யம்.

மில்வாக்கியின் பள்ளத்தாக்கு

விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரம். அதன் நடுவில் மெனோமனீ என்ற ஆறு. காட்டு அரிசி விளைந்த சதுப்பு நிலம். ஆற்றின் பெயரே அந்த அரிசியைக் குறிக்கும் பூர்வகுடிச் சொல்லிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சதுப்பைத் தூர்த்து, ஆலைகள் கட்டினார்கள். தோல் பதனிடும் ஆலை, இறைச்சிக் கூடம், இரும்பு வேலை, எல்லாத்துக்கும் மேல மில்வாக்கி ரோடு ரயில் கம்பெனியின் பெரிய பணிமனை. நம்ம பெரம்பூர் கேரேஜ், லோகோ வொர்க்ஸ் மாதிரி நினைச்சுக்கங்க.

1985-ல் அந்தப் பணிமனை மூடப்பட்டது. பள்ளத்தாக்குக்கு மேலே உயரமான பாலங்கள். நகரத்து ஜனம் பாலத்துல போய்க்கிட்டே இருந்தது, கீழே இறங்க யாருக்கும் காரணம் இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த வேலைகள் போச்சு.

2003-ல் நகராட்சி அந்தப் பணிமனை நிலம் சுமார் 140 ஏக்கரைக் கட்டாயக் கையகப்படுத்தலில் எடுத்தது. தனியார் யாரும் தொடாத நிலத்தை அரசு எடுத்தால், சோதிப்பது, சுத்தம் பண்ணுவது எல்லாம் அரசு தலையில்தான்.

தோண்டுவதற்கு முன்னால்

முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்கூட எடுக்க மாட்டார்கள். காகிதம், கண், காது. அவ்வளவுதான்.

காகிதம் என்றால் பழைய பத்திரங்கள், வான்வழிப் படங்கள், உரிமங்கள். அமெரிக்காவில் இதில் ஒரு புதையல் உண்டு: சான்போர்ன் வரைபடங்கள். 1860-களிலிருந்து தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வரைந்தது. எந்தக் கட்டடம் மரம், எது செங்கல், கொதிகலன் எங்கே, எண்ணெய்த் தொட்டி எங்கே என்று எல்லாம் குறித்திருப்பார்கள். பிரீமியம் கணக்குப் போட வரைந்த மேப், நூறு வருஷம் கழிச்சு எங்கே தோண்டணும்னு சொல்லுது!

கண் என்றால் நிலத்தை நடந்து பார்ப்பது. கறை படிந்த தரை, செடி முளைக்காத திட்டு, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். காது என்றால் பழைய தொழிலாளிகளிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசுவது. ஆமா, நம்ம டீக்கடை அண்ணன் சொன்னது இந்த மூணாவது வகை.

இரண்டாம் கட்டத்தில்தான் துளை போடுவார்கள். முதல் கட்டம் சொன்ன இடங்களில் வெவ்வேறு ஆழத்தில் மண், நிலத்தடி நீர், தேவைப்பட்டால் மண்ணுக்குள் இருக்கும் ஆவியையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரயில் பணிமனை என்றால் பெட்ரோலிய எண்ணெய், ஈயம், கரைப்பான்கள், கல்நார். இதையெல்லாம் குறிப்பாகத் தேட வேண்டும். ஆய்வகம் நீங்க கேட்டதைத்தான் அளக்கும். தப்பான கேள்வி கேட்டா "ஒண்ணும் இல்லை"ன்னுதான் பதில் வரும். டெஸ்ட் எல்லாம் பாஸ், புரொடக்‌ஷன்ல பக்.

எவ்வளவு சுத்தம், சுத்தம்?

நான் இதைப் படிக்க ஆரம்பிச்சப்போ விஷத்தை மொத்தமா எடுத்துருவாங்கன்னு நினைச்சேன். பெரும்பாலும் அப்படி இல்லை. நிபுணர்கள் மூணு கேள்வி கேட்கிறார்கள். விஷம் எங்கே இருக்கிறது? அது எந்த வழியாக நகரும்? கடைசியில் யாரைத் தொடும்? இந்த மூன்றில் ஒன்றை அறுத்தாலும் ஆபத்து அறுபடும்.

மண்ணைத் தோண்டி எடுத்துப் போகலாம். செலவு அதிகம், அந்த மண் இன்னொரு ஊருக்குப் போகும். எண்ணெய் மாசை நுண்ணுயிர்களை வைத்துச் சிதைக்கலாம், காலம் பிடிக்கும். நல்ல மண்ணோ கான்கிரீட்டோ போட்டு மூடி, வழியை அறுக்கலாம்; ஆனால் அந்த மூடியைப் பிறகு யாரும் உடைக்கக் கூடாது. கரைப்பான் ஆவி இருந்தால் கட்டடத்தின் தரைக்கு அடியில் தடுப்புத் தாளும், ஆவியை வெளியே இழுக்கும் குழாயும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரை விரிசல் வழியே அது வீட்டுக்குள் ஏறும்.

அதனால் "சுத்தம்" என்பது அங்கே என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. தொழிற்கூடத்துக்கு ஒரு அளவு. குழந்தை மண்ணில் விளையாடும் வீட்டுக்கு அதைவிடக் கடுமையான அளவு. அந்த அளவும் மாறும். குடியிருப்பு மண்ணில் ஈயம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வரை என்பது அமெரிக்காவின் நீண்டகால வழிகாட்டி அளவு. 2024-ல் அதை 200 ஆகக் குறைத்தார்கள். நேற்று பாஸான நிலம், இன்று பாஸாகாமல் போகலாம்.

மெனோமனீயில் தேர்ந்தெடுத்தது வீடு அல்ல, தொழிற்கூடம். பக்கத்து மக்களுக்குத் தேவைப்பட்டது வேலை. மண்ணின் நிலைக்கும் அதுதான் பொருந்தியது. வெள்ளம் வரும் தாழ்வான நிலம் வேறு. நல்லவேளையாக அதே சமயம் நகரத்தின் பெரிய நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த மண்ணைக் கொட்டி, நிலத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தினார்கள். ஒரே வேலையில் மூடியும் ஆச்சு, மேடும் ஆச்சு. மழைநீரை வடிகட்ட ஒரு பொதுப் பூங்கா. பழைய புகைபோக்கிகளை அடையாளமாக விட்டுவைத்தார்கள்.

நிலம் வாங்க வந்த கம்பெனிகளிடம், ஏக்கருக்கு எத்தனை வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்டுத்தான் விற்றார்கள். 2006-ல் ஒரு பீட்சா தயாரிப்பு ஆலை அங்கே திறந்தது. 2013-ல் பக்கத்து ரயில் யார்டு நிலத்தில் 24 ஏக்கர் பூங்கா வந்தது. பள்ளத்தாக்கு முழுவதிலுமாக 5,000-க்கு மேற்பட்ட வேலைகள் வந்ததாக அங்கே பணிசெய்யும் அமைப்பு கணக்குச் சொல்கிறது.

அப்போ எல்லா இடத்திலும் இதே ஃபார்முலாவா? இல்லை. அதே மில்வாக்கியின் வடக்கில், கார்களுக்குச் சட்டகம் செய்த பெரிய ஆலை ஒன்று 2006-ல் மூடியது. 2009-ல் நகராட்சி அதையும் வாங்கிச் சுத்தம் செய்தது. பல வருஷம் கழித்தும் அதில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. பள்ளத்தாக்கு நகர மையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒட்டி இருந்தது. இதற்கு அந்த வசதி இல்லை. மண்ணைச் சரி பண்ணலாம். இருக்கிற இடத்தை மாற்ற முடியாது.

நம்ம ஊரு?

இந்தியாவில் மாசுபட்ட நிலங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசுக்குக் காரணமானவர் செலவை ஏற்க வேண்டும். ஆனால் பட்டியல் தானாக வராது. யாராவது கை நீட்டிக் காட்ட வேண்டும்.

அந்த ஃபிளாட் விஷயத்துக்கு வர்றேன். விற்பனை ஆபீஸுக்குப் போன் பண்ணி "மண் பரிசோதனை இருக்கா?"ன்னு கேட்டேன். "கண்டிப்பா சார்"னு உடனே பி.டி.எஃப். அனுப்பினார்கள். திறந்து பார்த்தா, மண் எவ்வளவு எடை தாங்கும், பைல் எவ்வளவு ஆழம் போகணும் என்பதுதான் அதில். அஸ்திவாரத்துக்கான சோதனை. ஈயம், குரோமியம், கரைப்பான், எதுவுமே அளக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் நீங்க மனசுல வச்சுக்கிட்டாலே இந்த எபிசோட் வீண் இல்லை.

நீங்க செய்யக்கூடியது சில இருக்கு. வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்குப் போட்டு, பழைய உரிமையாளர் பெயரில் கம்பெனி இருக்கான்னு பாருங்க. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்க. அங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் பேசுங்க. ஆலை இருந்தது உறுதியானால், ரசாயன ஆய்வு அறிக்கையை எழுத்தில் கேளுங்க. போர் தண்ணீர் என்றால் கன உலோகங்களுக்குத் தனியாகச் சோதனை கேளுங்க.

அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்கார். "டீக்கடைல சொன்னதுக்கெல்லாம் வீட்ட விடுவியாடா?"ங்கிறார். விடலப்பா, கேட்டிருக்கேன். ரசாயன அறிக்கை வந்தா அட்வான்ஸ் கொடுப்போம். மூணு வாரம் ஆச்சு, பதில் வரல. அந்த நிலத்துல நாங்க வாங்கலன்னாலும் இன்னொரு குடும்பம் வாங்கும். அதனாலதான் இதை நம்ம வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்போட நிறுத்தாம மைக் முன்னாடி சொல்றேன்.

உங்க ஏரியாவில் பூட்டின ஆலை நிலம் இருந்தா, அதுல என்ன ஓடுச்சு, எப்போ மூடினாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.