நாய்க்கு கட்டியா? பச்சிலை வைத்து நாள் கடத்தாதீங்க!

புதுச்சேரி:

பெரிய மார்க்கெட்டில் கடை போட்டிருப்பவர்களுக்கு அங்கு சுற்றும் நாய்கள் எல்லாம் தெரிந்த முகம்தான். மீன் கழிவும், டீக்கடை பொறையும் தின்று வளரும் நாய்க்கு திடீரென உடம்பில் கட்டி வந்தால், "புத்து வந்த நாய், விரட்டு" என்பார் ஒருவர். "சுண்ணாம்பு தடவு, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு.

கட்டியை கண்ணால் பார்த்து அது என்னவென்று டாக்டராலேயே உறுதியாக சொல்ல முடியாது. சாதாரண சீழ்க்கட்டியும் இருக்கும், ஆபத்தில்லாத கொழுப்புக் கட்டியும் இருக்கும், புற்றுநோயும் இருக்கும்.

ஊசியே போதும்

முதல் சோதனை ரொம்ப எளிது. ஊசி போடும் சிரிஞ்சையே கட்டியில் குத்தி, கொஞ்சம் செல்களை எடுத்து கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் என்ன கட்டி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பல நாய்களுக்கு மயக்க மருந்துகூட தேவைப்படாது.

ஏமாற்றும் கட்டி

நாய்களுக்கு தோலில் வரும் புற்றுநோயில் முக்கியமானது 'மாஸ்ட் செல்' கட்டி. இது ஒரு நாள் வீங்கும், மறுநாள் வத்தும். அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இந்தக் கட்டிக்குள் இருப்பதே காரணம். வத்தியதும், "பச்சிலை வேலை செஞ்சிடுச்சு" என்று சும்மா இருந்துவிடுவார்கள். நோயோ உள்ளே வளரும். இந்தக் கட்டியை அமுக்கவோ பிதுக்கவோ கூடாது.

கிரேடு என்றால் என்ன?

புற்றுநோய் எவ்வளவு வேகமானது என்பதை சொல்வதுதான் கிரேடு. இதற்கு ஊசி போதாது. கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து, மெல்லிசாக சீவி பார்க்க வேண்டும்.

மாஸ்ட் செல் கட்டிக்கு 1984 முதல் 3 கிரேடு முறை இருந்தது. 2011-ல் வெளியான ஆய்வில் 95 நாய்களின் கட்டியை 28 நிபுணர்கள் பார்த்தனர். ஒரே கட்டிக்கு ஆளுக்கொரு கிரேடு சொன்னதால் குழப்பம். அதன்பின் 'குறைந்த கிரேடு', 'உயர்ந்த கிரேடு' என இரண்டாக பிரிக்கும் முறை வந்தது.

மைக்ராஸ்கோப்பில் 10 இடங்களில் பார்க்கும்போது, இரண்டாக பிரிந்து கொண்டிருக்கும் செல்கள் மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர்ந்த கிரேடு. வேறு சில அடையாளங்களும் உண்டு. அந்த ஆய்வில் உயர்ந்த கிரேடு நாய்களில் பாதி, 4 மாதத்துக்குள் இறந்தன. குறைந்த கிரேடு நாய்களில் பாதிக்கு மேல் 2 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தன.

தெருநாய்க்கும் வழி உண்டு

தெருநாய்களிடம் அதிகம் காணப்படும் இன்னொரு கட்டி, நாய்க்கு நாய் பரவும் பால்வினைக் கட்டி. காலிபிளவர் மாதிரி இருக்கும், ரத்தம் கசியும். பிறப்புறுப்பில்தான் அதிகம் வரும். மூக்கு, வாய், தோலிலும் வரலாம். இனச்சேர்க்கையின்போதும், நக்கும்போதும் புற்றுசெல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு தாவுகிறது. மனிதர்களுக்கு தொற்றாது.

பார்க்க அருவருப்பாக இருப்பதால் விரட்டியடிக்கப்படும் இந்த நாய்களில் பெரும்பாலானவற்றை காப்பாற்ற முடியும். 'வின்கிரிஸ்டின்' மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் செலுத்தினால், பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் கட்டி கரைந்துவிடும். இதை டாக்டர்தான் போட வேண்டும். கருத்தடை செய்தால் பரவுவதும் குறையும்.

எங்கே போவது?

புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் நாயை காட்டலாம். கட்டி எப்போது வந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று தேதியோடு குறித்துக் கொண்டு போங்கள். ஆபரேஷன் செய்தால், எடுத்த கட்டியை தூக்கிப் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடை வாசலில் காவல் காத்த நாய்க்கு, ஒரு ஊசி குத்தி பார்ப்பது பெரிய விஷயம் இல்லை.