உப்புக் காற்றும் இத்தாலிய வண்டியும்

உப்பளத்தில் தொழில் செய்பவர்கள் இரும்பை நம்புவதில்லை. பாத்தியில் விளைந்த உப்பை வாருவதற்கு மரப்பலகை பூட்டிய வாரிகளையே அவர்கள் கையாளுவார்கள். இரும்பு வாரி விரைவில் அரித்துப் போகும் என்பது ஒரு காரணம்; அதன் துரு வெள்ளை உப்பிலே செங்கறை ஏற்றிவிடும் என்பது மற்றொன்று. புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதனை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாறிருக்க, பாலாவியிலே ஓர் உப்பளத்தில் கணக்கெழுதிப் பிழைத்த நான், துருவுக்குப் பேர்போன இனத்தைச் சேர்ந்த இத்தாலிய மோட்டார் வண்டியொன்றைப் பதினான்கு ஆண்டுக் காலம் வைத்திருந்தேன் என்றால், வாசகர்கள் நகைப்பதில் நியாயம் உண்டு. நகைத்துவிட்டு மேலே படிக்கும்படி வேண்டுகிறேன்.

அவ்வண்டியின் பெயர் பியட் 124 ஸ்போர்ட் கூப்பே. இரண்டு கதவு, முன்னால் இருவரும் பின்னால் கால் நீளமில்லாத இருவரும் அமரத்தக்க இடம், பின்புறம் நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும் கூரை. 1967ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் உடலை வரைந்தவர் மாரியோ போவானோ. அதன் எஞ்சினை ஆக்கியவர் அவுரேலியோ லம்ப்ரெடி. இவர் சாதாரணமானவர் அல்லர். பெராரி நிறுவனத்தில் இருந்தபோது இவர் வடித்த நான்கு உருளை எஞ்சினைக் கொண்டுதான் அஸ்காரி என்னும் வீரர் 1952இலும் 1953இலும் உலகப் பந்தயப் பட்டத்தைத் தட்டிக்கொண்டார். அதே மனிதர் பின்னர் பியட்டுக்கு வந்து, குடும்பஸ்தனும் வாங்கத்தக்க வண்டிக்கென ஓர் எஞ்சினை அமைத்தார். 1438 கன சென்ரிமீற்றர். 90 குதிரை வலு. தலைமேல் இரண்டு நெம்புருள் தண்டுகள். அவற்றைச் சுழற்றுவதற்குச் சங்கிலி அன்று, பல் வைத்த இரப்பர் வார். அந்த எஞ்சினின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளருக்குரிய பட்டத்தைப் பத்து முறை வென்றன. நானோ அதனைக் கொண்டு உப்பளத்துக்குப் போய் வந்தேன்.

அது என் கைக்கு வந்தமைக்குக் காரணம் பொருளாதாரமே. 1977க்கு முற்பட்ட ஆண்டுகளில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கைக்குப் புதிய கார் வருவது அபூர்வம். உள்ள வண்டிகளையே தைத்தும் ஒட்டியும் ஓட்டினோம். அவ்வாண்டு இறக்குமதிக் கதவு திறந்ததும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளமாகப் பாய்ந்தன. அந்த வெள்ளத்தில் பழைய ஐரோப்பிய வண்டிகள் மதிப்பிழந்தன. கொழும்பிலே தூதரகப் பணி பார்த்த ஒரு வெளிநாட்டவர் விட்டுச் சென்ற இந்தக் கூப்பே, இரண்டு கை மாறி, உதிரிப்பாகம் கிடையாது என்று எல்லோரும் தலையசைத்து ஒதுக்கிய நிலையில், 1981இல் என்னிடம் வந்தது. ஆகாய நீல நிறம். முன்னே இரண்டு வட்ட விளக்குகள்.

என் வீடு கற்பிட்டியில், தொழில் பாலாவியில். இடையே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். காலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால் இடப்புறம் களப்பின்மீது சூரியன் எழும். வலப்புறம் தென்னஞ்சோலைக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் அப்பால் கடல் இரையும். ஏத்தாளை கடந்து, தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் பிரியும் சந்தி கடந்து, நுரைச்சோலை வரையில் பாதை பெரும்பாலும் நேர்பாதை. இன்று அவ்வழியில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் காற்றாலைகளும் தெரிகின்றன. அக்காலத்தில் பனையும் தென்னையும் அன்றி உயர்ந்தது எதுவுமில்லை. அந்த நேர்பாதையில் மூன்றாவது கியரில் வைத்து மிதிக்கும்போது எஞ்சின் எழுப்பும் ஒலி இருக்கிறதே, அதனை நாதஸ்வரத்துக்கு ஒப்பிட்டால் வித்துவான்கள் கோபிப்பார்கள். ஆயினும், சுருதி ஏற ஏறத் தொண்டை கட்டாத ஒரு குரல் அது என்று மட்டும் சொல்லலாம். கருவாடு ஏற்றிய லொறிகளின் பின்னால் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் அந்தக் குரலை அடக்கிக்கொண்டு காத்திருப்பதே பெரிய தவமாக இருந்தது.

இனித் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். உப்பு சேர்ந்தால் ஏன் வேகம் மிகும்? உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்தும்; துருப்பிடித்தல் என்பது உள்ளபடியே ஒரு சிறு மின்கலத்தின் வேலை. உப்பிலுள்ள குளோரைட்டு, இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது. இவற்றைப் பலரும் அறிவர். ஆனால் உப்பளத்தில் நிற்பவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. பாத்தியில் கடல்நீர் வற்றி, போமே மானியில் 25 பாகையை எட்டும்போது கறியுப்பு படிகமாக இறங்கும். ஏறத்தாழ 30 பாகைக்கு வருமுன்னே எஞ்சிய நீரை நாங்கள் வெளியேற்றிவிடுவோம். அந்தக் கைப்பு நீரில் மிகுந்திருப்பது மக்னீசியங்குளோரைட்டு. தூய கறியுப்பானது, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவுக்கு ஏறினால்தான் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். மக்னீசியங்குளோரைட்டுக்கோ 33 போதும். கடற்காற்றில் மிதந்து வரும் துளிகளில் இரண்டுமே உண்டு. எனவே, அத்துளி படிந்த தகடு எங்கள் ஊரில் ஒருபோதும் முற்றாக உலர்வதில்லை. நண்பகல் வெயிலில் தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே மடிப்புகளில் அது நனைந்தபடியே இருந்து தின்றுகொண்டிருக்கும்.

இத்தாலிய வண்டிகளின் துரு பற்றி உலகம் பேசிய பேச்சும் சிறிதன்று. அக்காலத்துத் தகடுகள் மெல்லியவை. வாசற்படியின் கீழே செல்லும் பெட்டிப் பகுதிகளின் உட்புறத்துக்குப் போதிய பூச்சில்லை. புகுந்த நீர் வடியவும் வழி குறைவு. இங்கிலாந்தில் லான்சியா பீட்டா வண்டிகளின் அடிச்சட்டம் அரித்துப் போனதனால் எழுந்த கூச்சல் 1980இல் பத்திரிகைகளை நிரப்பியது. நிறுவனம் பல வண்டிகளைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டது. பியட் 124ஐ ஒட்டிச் சோவியத் நாட்டில் தொக்லியாத்தி நகரத் தொழிற்சாலையில் 1970 முதல் லாடா வண்டிகள் செய்யப்பட்டன. அதற்கு விலையாக வந்த மட்டமான ருஷ்ய இரும்பினால்தான் பியட் வண்டிகள் துருப்பிடித்தன என்றொரு கதை உலவுகிறது. நான் இக்கதையை நம்புபவன் அல்லன். ருஷ்யர் தங்கள் வண்டிக்கு இத்தாலியரைவிடத் தடித்த தகட்டையே இட்டனர். 1988இல் வந்த பியட் டிப்போவின் உடலுக்குத் துத்தநாகம் பூசப்பட்டபோது அந்தப் பழங்கதைகளுக்கு ஒரு முடிவு ஏற்பட்டது. எப்படியாயினும், என் வண்டியின் துருவுக்கு நான் குற்றஞ்சாட்டுவது எங்கள் ஊர்க் காற்றை மாத்திரமே. அக்காற்று ஜப்பானிய வண்டியையும் விடவில்லை. ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையின் ஆணியையும் விடவில்லை.

அதனோடு நான் நடத்திய யுத்தம் நெடியது. கற்பிட்டி மணலின் கீழே நன்னீர் உண்டு என்பது எங்கள் பாக்கியம். நாள்தோறும் மாலையில் கிணற்று நீரால் வண்டியின் அடிவயிற்றைக் கழுவுவேன். "மாட்டைக் குளிப்பாட்டுகிறவன்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டான்" என்பாள் என் மனைவி. பிறகு பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவேன். ஒருமுறை, மரத் தோணிகளுக்குப் பூசும் சுறா எண்ணெயை, வாசற்படிப் பெட்டிக்குள் புனல் வைத்து ஊற்றினேன். இது கிறுக்கன்று. மீனெண்ணெய் சிந்திய கப்பற்றளத்தில் துரு பரவாமல் நின்றதைக் கண்ட பெர்குசன் என்னும் கப்பல் தலைவர், அதனைக் கொண்டே துருத்தடுப்புப் பூச்சுச் செய்து 1921இல் அமெரிக்காவில் ஒரு தொழிலைத் தொடங்கினார். எண்ணெய் நன்கு வேலை செய்தது. ஆனால், ஊரிலுள்ள பூனைகள் யாவும் இரவில் வண்டியைச் சுற்றி மாநாடு கூட்டின. ஒரு திருமண வீட்டுக்கு அவ்வண்டியில் வர என் மனைவி மறுத்துவிட்டாள்.

உதிரிப்பாகத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். இத்தாலியே எங்கள் மாவட்டத்துக்கு வந்தது என்பதுதான் விடை. வென்னப்புவ, மாரவில முதலிய ஊர்களிலிருந்து 1970களின் பிற்பகுதி தொடக்கம் கத்தோலிக்க மக்கள் இத்தாலிக்குத் தொழில் தேடிச் செல்லலாயினர். உரோமிலும் மிலானிலும் நேப்பிள்சிலும் வீட்டுப்பணி செய்து, முதியோரைப் பராமரித்து, அவர்கள் அனுப்பிய பணத்தில் எங்கள் கொழும்பு வீதியோரத்தில் தூண் வைத்த மாடி வீடுகள் எழுந்தன. வென்னப்புவவைச் சின்ன இத்தாலி என்றே சொல்வார்கள். சிலாபத்தில் என்னோடு படித்த ஒருவரின் சகோதரி நேப்பிள்சில் ஒரு மூதாட்டிக்குத் துணையாக இருந்தார். நான் கடிதம் எழுதினால், விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில், சேலைகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே, அந்தப் பல் வைத்த இரப்பர் வார் வந்து சேரும். அவ்வார் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பாழாகும். ஆகவே, ஒவ்வொரு 60,000 கிலோமீற்றருக்கும் முன்னே ஒரு புதிய வார் கைவசம் இருக்க வேண்டும். முன்பின் மோட்டார் வண்டி ஓட்டியறியாத அந்தப் பெண்மணி, தம் ஓய்வு நாளில், பிறமொழியில் பாகத்தின் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியதை நினைக்கும்போது, நான் பந்தய வீரர்களைவிட அவரையே பெரிதாக மதிக்கிறேன்.

தகட்டு வேலைக்குப் புத்தளத்தில் ஒரு நானா இருந்தார். காயும் தொப்பியும், கையில் ஒரு சிறு சுத்தியல். அவர் தகட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, தட்டிக் கேட்பார். "டொக்" என்றால் இரும்பு. "சொத்" என்றால் பட்டி. ஆண்டுக்கொரு முறை ஒரு முழத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைத்து ஒட்டித் தருவார். ஆறாண்டில் வண்டியின் பாதி, இத்தாலி அன்றி, புத்தளம் ஆகிவிட்டது.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் பிறந்த மண்ணை விட்டு அகன்றனர். மன்னார்த் தீவிலிருந்து வந்தோர் தோணிகளில் கடல் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மழை பிடித்துவிட்ட காலம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்து, தென்னந்தோப்புகளிலும் மக்கள் ஒதுங்கினர். ஊரிலிருந்த லொறி, வான், உழவு இயந்திரம் யாவும் கரைக்குப் போயின. என் கூப்பேயும் போயிற்று. நால்வருக்கு அமைந்த வண்டியில் ஒன்பது பேரை ஏற்றியதுண்டு. அவர்கள் இடுப்பளவு கடல்நீரில் இறங்கி நடந்து வந்தவர்கள். உடுத்த துணியிலிருந்து ஒழுகிய உப்புநீர் இருக்கைப் பஞ்சில் ஊறித் தரைத் தகட்டில் தேங்கியது. மூன்று நாளும் அந்தத் தண்ணீரை வழித்து ஊற்ற எனக்கு நேரமிருக்கவில்லை, நினைவும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு, முன் இருக்கையில் ஒரு முதிய தாய் மடியில் பேரப்பிள்ளையோடு இருந்தார். வழி முழுவதும் ஒரு சொல் பேசவில்லை. நுரைச்சோலைக்கு அருகே திடீரென, "தம்பி, என்ட காலுக்குக் கீழ ரோட்டு ஓடுது" என்றார். குனிந்து பார்த்தேன். தரை விரிப்பின் கீழிருந்த தகடு கையகலம் உதிர்ந்து போயிருந்தது. வண்டியை நிறுத்தி, பெட்டியிலிருந்த ஒரு பலகையை வைத்து மூடினேன். "கால வைங்க உம்மா, பயமில்ல" என்றேன். அவர் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "பயப்படுறதுக்கு இனி என்ன இருக்கு?" என்றார். அதன்பின் பாடசாலை வாசல் வரையில் இருவரும் பேசவில்லை.

அந்த உப்புநீரின் பயனை அடுத்த ஆண்டே கண்டோம். தரை, பின்சக்கர வளைவு, கதவின் அடி யாவும் ஒருசேர இற்றன. நானா நான்கு ஆண்டுகள் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டார். 1995இல் ஒருநாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, ஒட்டுறதுக்கு ஓரத்தில இரும்பு வேணும். இதில இப்ப காத்துத்தான் இருக்கு" என்றார். வைத்தியர் சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

எஞ்சினைப் பிரித்து எடுத்தோம். அதில் ஒரு குறையுமில்லை. மாரவிலயில் பழைய பியட் 124 சலூன் வைத்திருந்த ஓர் இளைஞன் வந்து, பேரம் பேசாமல் வாங்கிப் போனான். நேப்பிள்சிலிருந்து வந்து பெட்டியில் கிடந்த கடைசி வாரையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். எஞ்சிய உடலைப் பழைய இரும்பு வியாபாரி எங்கள் உப்பளத்துக்கே வந்து, உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் துண்டு துண்டாக வைத்து நிறுத்தார். கூலியாட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கதவை அவன் தூக்கியபோது அதன் வயிற்றிலிருந்து ஒரு கொத்துச் செந்துகள் வெள்ளை உப்பின்மேல் கொட்டியது. மேற்பார்வையாளர் ஓடிவந்து அதனைக் கூட்டி அள்ளச் சொன்னார். நானா விலை எதுவும் கேட்கவில்லை. சுக்கானை மட்டும் தம் பேரனுக்கு வேண்டுமென்றார். அதனைக் கழற்றிச் சைக்கிளின் முன்பிடியில் மாட்டிக்கொண்டு, புத்தளம் வீதியில் ஏறி மிதித்துப் போனார்.