பழைய வானின் பிரேக் குழாய்: நீங்களே செய்து பொருத்தலாமா?

பாரிஸ் புறநகரான சார்செலிலும் அயலூர்களிலும் வசிக்கும் நம்மவர் பலருக்கு வான்தான் தொழில். விடியுமுன் றஞ்சிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றி, லாச்சப்பல் கடைகளில் இறக்கிவிட்டு, பின்னேரம் வீடு மாற்றுவோருக்குத் தளபாடமும் ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வானை வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம். அடியில் ஓடும் பிரேக் குழாயைப் பார்ப்பவர்கள் குறைவு. அது கறள் பிடித்துவிட்டது என்று தெரியவரும்போது, "குழாயும் நட்டும் வாங்கினால் நாங்களே செய்துவிடலாம், காராஜுக்கு ஏன் காசு?" என்ற கேள்வி வருகிறது. செலவைக் குறைக்க நினைப்பது நியாயமானதுதான். ஆனால் எதில் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

சிறிய வான்களில் மிதியின் அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோவது பிரேக் ஓயில். அது ஓடும் இரும்புக் குழாய் பெரும்பாலும் 4.75 மில்லிமீற்றர் விட்டமே கொண்டது. பலமாக மிதிக்கும்போது அதனுள் 100 பார் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். வான் டயரில் இருப்பது நாலைந்து பார்தான். குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பு, சேற்றோடு கலந்து குழாயைத் தாங்கும் கிளிப்புகளுக்குள்ளும், எரிபொருள் தாங்கிக்கு மேலேயும், பின் அச்சுக்கு அருகிலும் தங்கிவிடும். அங்கேதான் கறள் உட்புறமாக அரிக்கத் தொடங்கும். சாதாரணமாக மெதுவாக மிதிக்கும் நாட்களில் அரித்த குழாய் தாங்கும். திடீரென்று முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில்தான் வெடிக்கும்.

பிரேக் அமைப்பு இரண்டு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் மிதி கீழே இறங்கிவிடும். சுமை ஏற்றிய வான் நிற்கும் தூரம் வெகுவாகக் கூடிவிடும்.

ஓயில் மட்டம் குறைவது, மிதி மெத்தென்று இறங்குவது, சில்லின் உட்புறம் ஈரமாக இருப்பது, பிரேக் விளக்கு எரிவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வானை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸின் 1999 முதல் 2003 வரையான பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய்கள் கறள் பிடித்து உடைவதாக முறைப்பாடுகள் குவிந்தன. அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் அதை வருடக்கணக்கில் விசாரித்து, 2015 ஏப்ரலில் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடாமலே முடித்துக்கொண்டது. குளிர்கால வீதிகளில் ஏழெட்டு வருடம் ஓடிய வண்டியில் இந்த ஆபத்து எழலாம். அடிப்பகுதியைக் கழுவுங்கள், சோதியுங்கள், கடுமையாகக் கறள் பிடித்திருந்தால் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள் என்று அந்த நிறுவனம் உரிமையாளர்களுக்கு அறிவுரை கூறியது. பழைய வண்டியைப் பொறுத்தவரை உற்பத்தியாளரை எதிர்பார்த்திருக்க முடியாது. பொறுப்பு உரிமையாளரின் தலையில்தான் விழும்.

பிரான்ஸ் சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த வண்டியைத் தானே திருத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எல்லோருடைய பாதுகாப்பும் உறுதியாகும் விதத்தில் வண்டி பராமரிக்கப்படவும் திருத்தப்படவும் வேண்டும் என்று வீதிச் சட்டக்கோவை கேட்கிறது.

3.5 தொன்னுக்கு உட்பட்ட வானுக்கு நாலாவது வருடம் முடியுமுன் முதல் கொன்ரோல் தெக்னிக் (கட்டாய வாகனச் சோதனை), பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 3.5 தொன்னுக்கு மேற்பட்ட பாரவூர்திக்கு வருடந்தோறும். செய்யாமல் ஓடினால் தண்டம் 135 யூரோ.

2018 மே 20 முதல் குறைகள் மூன்று தரமாகக் குறிக்கப்படுகின்றன. குழாய் அளவுக்கு மீறிக் கறள் பிடித்திருந்தால் அது பெரிய குறை. இரண்டு மாதத்துக்குள் திருத்தி மறுசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓயில் ஒழுகினாலோ குழாய் உடையும் தறுவாயில் இருந்தாலோ அது அபாயக் குறை. அந்த அறிக்கை அன்று நள்ளிரவு வரைதான் செல்லும். அதன்பின் திருத்தாமல் வண்டியை வீதியில் இறக்கக் கூடாது.

நீங்களே செய்வதென்றால்

- வெடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். ஓரிடத்தில் போனால் மற்ற இடங்களும் அதே வயதுதான். முழு நீளத்தையும் மாற்றுங்கள்.
- வாகனப் பிரேக்குக்கென்றே விற்கப்படும் இரும்புக் குழாய் அல்லது செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் வாங்குங்கள். வொல்வோ 1976 முதல் செம்பு-நிக்கல் குழாயைப் பயன்படுத்துகிறது. கறளைத் தாங்கும், வளைக்கவும் எளிது. தண்ணீர்க் குழாய் வேலைக்கான செம்பும், வளையம் வைத்து இறுக்கும் மூட்டும் பிரேக்குக்கு ஆகாது.
- குழாய் நுனியை விரிப்பதில்தான் கூடுதலான தவறு நடக்கிறது. சில வண்டிகளுக்கு உள்ளே மடித்த இரட்டை விரிப்பு வேண்டும். பல ஐரோப்பிய வண்டிகளுக்குக் குமிழ் வடிவம் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் ஒழுகும். கழற்றிய பழைய நுனியைப் பார்த்து அதே வடிவத்தைச் செய்யுங்கள். ஒற்றை விரிப்பு எந்த வண்டிக்கும் போதாது. விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோர்க்க மறக்காதீர்கள்.
- பழைய குழாய் போன வழியிலேயே, எல்லாக் கிளிப்புகளிலும் மாட்டுங்கள். புகைக் குழாய்க்கு அருகிலோ, அசையும் பாகத்தில் உரசும்படியோ விடாதீர்கள்.
- மூடியில் எழுதியிருக்கும் தர ஓயிலையே, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஊற்றுங்கள். டொட் 4 கேட்கும் வண்டிக்குச் சிலிக்கோன் அடிப்படையிலான டொட் 5 ஊற்றக் கூடாது. எஞ்சின் ஓயில் பட்டால் பிரேக்கின் றப்பர் பாகங்கள் ஊதிப் பழுதாகும்.
- காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் இதைச் செய்ய காராஜின் கணினிக் கருவி தேவைப்படும்.
- ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், தாங்கிகள் வையுங்கள். பழைய ஓயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் நகரக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் தகுதியுள்ள காராஜ் ஒன்றில் குழாய்களையும் பிரேக் பலத்தையும் சோதிப்பியுங்கள். அங்கே வானை ஓட்டிப் போகாமல் இழுவை வண்டியில் கொண்டுபோவது நல்லது. வேலையை நீங்கள் செய்து கூலியை மிச்சம் பிடிக்கலாம். இந்தச் சோதனைச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பாரவூர்திகளின் காற்றுப் பிரேக்கில் கைவைக்கவே வேண்டாம்.

காசு கொடுத்துச் செய்விப்பதென்றால்

வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கைக்காசுக்குத் திருத்தித் தரும் அண்ணாமார் பலர் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் சட்டப்படி, தொழில் தகுதி உள்ளவரோ அவருடைய மேற்பார்வையில் உள்ளவரோதான் கூலிக்கு வாகனம் திருத்தலாம். பற்றுச்சீட்டு இல்லாத வேலையால் விபத்து நடந்தால், யார் செய்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பதிவுள்ள காராஜில் எழுத்திலான விலை மதிப்பீடும், கையொப்பமிட்ட வேலை உத்தரவும், பற்றுச்சீட்டும் கேளுங்கள். அங்கே செய்த வேலை பழுதானால், தவறு தன்னுடையதல்ல என்று காட்டவேண்டிய பொறுப்பு காராஜினுடையது.

பழைய வான் வாங்கும்போது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கொன்ரோல் தெக்னிக் அறிக்கையைக் கேட்டு வரிவரியாகப் பாருங்கள். மறைந்திருந்த குறைக்கு, அது தெரியவந்து இரண்டு வருடத்துக்குள் விற்றவர்மீது வழக்குத் தொடரலாம். அறிக்கையிலேயே "குழாயில் கறள்" என்று எழுதியிருந்தால் அது மறைந்த குறையாகக் கொள்ளப்படாது.

சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு

வான் முதலாளியுடையது, பிரேக் சரியில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. அப்போது உயிருக்குக் கடுமையான, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், அதை முதலாளிக்கு அறிவித்துவிட்டு ஓட்ட மறுக்கத் தொழிற்சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அதற்காகத் தண்டிக்கவோ சம்பளத்தை வெட்டவோ முடியாது. வாய்ச்சொல்லோடு விடாமல் குறுஞ்செய்தியும் படமும் அனுப்பி வையுங்கள். தொழில் ஆய்வு அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தால் உங்கள் பெயரை அவர்கள் வெளியிடக் கூடாது. விசா இல்லாமல் வேலை செய்பவருக்கும் பாதுகாப்பு விதிகள் பொருந்தும்.

எங்கே போய்க் கேட்பது?

காராஜோடு பிணக்கு என்றால் முதலில் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். சரிவராவிட்டால், தனிநபர் வாடிக்கையாளருக்கு இலவச நுகர்வோர் சமரச வழி உண்டு. வான் கடையின் பெயரில் இருந்தால் அந்த வழி பொருந்தாது. நீதித்துறை இணக்கவாளரை நாடுங்கள். அவருடைய சேவையும் இலவசம். 5,000 யூரோவுக்கு உட்பட்ட கோரிக்கையில், நீதிமன்றம் போகுமுன் இப்படியொரு இணக்க முயற்சி செய்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. அருகில் எங்கே இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும் என்பதை 3039 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

உப்புத் தூவும் காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, வெளிச்சம் பிடித்துக் குழாய்களைப் பாருங்கள். கறள் பொருக்காக உதிரத் தொடங்கியிருந்தால், அடுத்த கொன்ரோல் தெக்னிக் வரை காத்திருக்காமல் அன்றே வானை நிறுத்துங்கள்.