வருவாய்க் கோடு மாநில எல்லையான வரலாறு

கேரளத்தின் பாறசாலையும் தமிழ்நாட்டின் களியக்காவிளையும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். அவற்றுக்கிடையே செல்லும் எல்லை 1956-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிதாக வரையப்பட்டதன்று; நெய்யாற்றின்கரை, விளவங்கோடு என்னும் இரு தாலுகாக்களைப் பிரித்த திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்து வருவாய்க் கோடே அன்று மாநில எல்லையாக உயர்ந்தது.

ஆங்கிலேயர் திருவிதாங்கூரை நேரடியாக ஆளவில்லை. 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தவும், அதன் பிரதிநிதியான ரெசிடெண்டின் ஆலோசனைக்குச் செவிசாய்க்கவும் மன்னர் கடமைப்பட்டார். வேலுத்தம்பி தளவாயின் 1809-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் தாமே ஏற்று, நிர்வாகத்தைக் கம்பெனியின் முறைக்கு மாற்றியமைத்தார். மண்டபத்தும்வாதுக்கல் எனப்பட்ட பழைய பிரிவுகளை ஆண்ட காரியக்காரர்கள் தாசில்தார்களாயினர். நீதி வழங்கும் அதிகாரம் ஜில்லா நீதிமன்றங்களுக்குச் சென்றது.

தாசில்தாரின் பொறுப்பிலிருந்த தாலுகாவின் கீழ் 'பகுதி' எனப்பட்ட வருவாய்க் கிராமங்கள் இருந்தன. அவற்றில் வரி வசூலித்துக் கணக்கு வைத்தவர் பார்வத்தியக்காரர். பல தாலுகாக்கள் சேர்ந்த டிவிஷனுக்குத் திவான் பேஷ்கார் தலைவர். இவ்வடுக்கில் நெய்யாற்றின்கரை திருவனந்தபுரம் டிவிஷனிலும் விளவங்கோடு பத்மநாபபுரம் டிவிஷனிலும் இடம்பெற்றன. இவை அரசுக்கு வருவாய் திரட்ட அமைந்த பிரிவுகளே தவிர, மக்கள் தம்மைத் தாமே ஆள்வதற்கு அமைந்தவையல்ல. கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் 1925-இல்தான் வந்தது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்ற கிளர்ச்சியின்போது, 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

விடுதலைக்குப்பின் மார்ஷல் நேசமணி உள்ளிட்டோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரை உட்பட ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் இங்கே தாலுகாவையே அளவுகோலாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைக் கணித்ததால், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியுடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் மொழியும் உறவும் தாலுகா எல்லையைப் பார்த்துப் பரவுவதில்லை என்பதால், கோட்டின் வடபுறம் தமிழ் பேசுவோரும் தென்புறம் மலையாளம் பேசுவோரும் சிறுபான்மையினராயினர்.

நீரின் கதையும் இதுவே. கேரளத்திலுள்ள நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தந்தது. 2004-இல் கேரளம் நீர் விடுவதை நிறுத்த, தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒரே அரசின் இரண்டு தாலுகாக்களாக இருந்திருந்தால் ஓர் அலுவலகத்தில் பேசி முடித்திருக்கக்கூடிய சிக்கல், இரு மாநிலங்களின் வழக்காயிற்று.

உள்ளாட்சி அமைப்புகளும் இருபுறமும் வேறுபட்டுள்ளன. இரு மாநிலங்களும் 1994-இல் புதிய பஞ்சாயத்துச் சட்டங்களை இயற்றின. பாறசாலை ஒரு கிராமப் பஞ்சாயத்து. காரோடு, குளத்தூர், செங்கல் போன்றவற்றுடன் பாறசாலை பிளாக் பஞ்சாயத்தில் அடங்குவது. களியக்காவிளையோ, கிராமத்துக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட பேரூராட்சி. அத்தகைய படிநிலை கேரளத்தில் இல்லை. எனவே அடுத்தடுத்த இரு ஊர்களின் குப்பை, சாக்கடை, சந்தை, சாலை ஆகியவற்றை வெவ்வேறு சட்டங்களுக்குட்பட்ட மன்றங்கள் தனித்தனியே கவனிக்கின்றன.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழிவகுத்துள்ளது. கோட்டை மாற்றாமலேயே அதன் கடுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு அது சான்று. அதே வழியில், எல்லைப் பஞ்சாயத்துகளும் பேரூராட்சிகளும் நீர், துப்புரவு, சாலை ஆகியவற்றில் கூடிப் பேசி முடிவெடுக்கும் நிலையான ஏற்பாட்டை இரு அரசுகளும் உருவாக்குதல் வேண்டும். வரி வசூலுக்காக வகுக்கப்பட்ட ஒரு கோடு, அண்டை ஊர்களின் அன்றாட வாழ்வைப் பிரிக்க வேண்டிய தேவை எதுவும் இன்று இல்லை.